கேக் பட்டியலில் ஒரு காலி வரி

வகுப்பறையில் கோபம் வந்தால் எஸ்பெனின் கைகள் தாமாக மேலே போய்விடும். இரண்டு உள்ளங்கைகளும் முன்னால் விரிய, முழங்கை மடங்காமல் நிற்பான். பதினான்கு வருடம் டென்மார்க்கின் ரோட்பி துறைமுகத்தில் கப்பலின் வண்டித்தளத்தில் நின்று கார்களை வரிசையில் ஏற்றியவன் அவன். மழையோ பனியோ, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஒரு சாண் விட்டு அடுக்குவான். அந்தக் கைக்கு நாற்பது டன் லாரி நின்றிருக்கிறது. நாலாம் வகுப்பு பி பிரிவில் இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை.

கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்ட ஆரம்பித்ததும், கப்பல் இனி எத்தனை நாளைக்கு என்ற பேச்சு லோலாண்ட் தீவு முழுக்க எழுந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் சுரங்க வேலைக்கே போனார்கள். எஸ்பென் மட்டும் ஆசிரியர் படிப்பில் சேர்ந்தான். "சின்ன வயசுலேருந்தே ஆசை" என்று எல்லோரிடமும் சொன்னான். அது பொய்யில்லை. அதோடு, வண்டிகளை மேய்த்தவனுக்குப் பிள்ளைகளை மேய்ப்பது பெரிய வேலையா என்ற எண்ணமும் இருந்தது. அதை மனைவி மெரேட்டெயிடம் மட்டும் சொன்னான். அவள் அப்போதே சிரித்தாள்.

முப்பத்தெட்டு வயதில், ஆகஸ்ட் மாதம், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்த பள்ளியில் வகுப்பாசிரியராக நுழைந்தான். எங்கள் பள்ளிகளில் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே "எஸ்பென், நீ ஏன் வாசல்ல நின்னு கையை ஆட்டுறே?" என்று வில்லாஸ் என்ற பையன் கேட்டான். வகுப்புக்குள் வரும் பிள்ளைகளைத் தான் இடது வரிசை, வலது வரிசை என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் எஸ்பெனுக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார்கள். கணக்குப் பாடத்தில் ஒருவன் மேசைக்கு அடியில் போய்விடுவான். இன்னொருத்தி ஜன்னலைத் திறந்து பீட் லாரிகளை எண்ணுவாள். எஸ்பென் கேள்வி கேட்பான், யாரும் பதில் சொல்வதற்குள் தானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவான். கப்பலில் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும், இங்கேயும் பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம்தான். அவசரம் அவன் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அது வெடித்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு 'வகுப்பு நேரம்' என்று பெயர். அதில் பாடம் கிடையாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரத்துச் சண்டை சச்சரவுகளைப் பேசித் தீர்ப்பார்கள். வாரத்துக்கு ஒருவர் வீட்டிலிருந்து கேக் செய்து எடுத்து வருவார்கள். யார், எந்த வாரம் என்ற பட்டியல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். டென்மார்க்கில் பிறந்து அந்தப் பட்டியலில் பெயர் வராத ஆள் கிடையாது, எஸ்பென் உள்பட. அவன் அம்மா செய்து கொடுத்த கேக்கை ஒன்பது வயதில் பேருந்தில் மடியில் வைத்து எடுத்துப் போனது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். ஆனால் கோபத்தில் எவனுக்கு ஞாபகம் வேலை செய்கிறது?

அன்று மதியக் கணக்கில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து போய்ப் பலகையில் மோதியது. எஸ்பென் கையை விரித்தான், கத்தினான், மறுபடி விரித்தான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று கதவுப் பக்கம் போனான். பேனாவை எடுத்து, பட்டியலில் அன்றைய தேதிக்கு நேராக இருந்த பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"இன்னிக்குக் கேக் கிடையாது. பேச்சும் கிடையாது. எல்லாரும் கணக்குப் புத்தகத்தை எடுங்க."

வகுப்பு அப்படியே அடங்கியது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவன் கேட்டிராத அமைதி. பிள்ளைகள் எல்லோரும் தலையைத் திருப்பி ஒரே பக்கம் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் விக்கா என்ற பெண் தன் காலடியில் இருந்த பெரிய நீல டப்பாவை மெல்ல மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள். எஸ்பென் அதைப் பார்க்கவில்லை. அமைதியைத்தான் கவனித்தான்.

அடுத்த வாரமும் அமைதி தொடர்ந்தது. யாரும் மேசைக்கு அடியில் போகவில்லை. ஜன்னலை யாரும் தொடவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் எஸ்பென் பெருமையாகச் சொன்னான்.

"இந்த வாரம் வகுப்புல ஒரு சத்தம் இல்ல, மெரேட்டெ."

"என்னடா பண்ணினே?"

"கேக்கை நிறுத்திட்டேன். அவ்வளவுதான்."

மெரேட்டெ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "யாரோட கேக்கை?"

"யாரோடதோ. பட்டியல்ல இருந்ததை."

"எஸ்பென், கேக்குன்னா அதைச் சுட்ட ஒரு ஆள் இருக்கும்."

"அடங்கிடுச்சுங்க பாரு, அதைச் சொல்லு."

"அடங்கலடா. உன்னைக் கைகழுவிட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் கிழங்கைத் தொடர்ந்து உரித்தாள். எஸ்பென் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான். நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு வகுப்பைப் பற்றி என்ன தெரியும்?

வியாழக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் ஒரு பீட் லாரி வாசலில் வந்து நின்றது. முன்னால் சைக்கிள்கள், பக்கத்தில் ஒரு கம்பம், பின்னால் பள்ளம். லாரி அந்த இடுக்கில் நுழையத் திணறியது. எஸ்பெனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நடுவில் நின்று, பின்னால் நடந்தபடியே கை காட்டினான். இடது, இடது, நேர், மெல்ல, நில். லாரி கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கச்சிதமாக நின்றது. பல மாதமாக அவனுக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

ஓட்டுநர் இறங்கினான். எஸ்பெனைவிட வயது குறைந்தவன். முழங்கால் வரை சேறு.

"நல்லாத்தான் கை காட்டுறே," என்றான். "நான் யெப்பெ. விக்காவோட அப்பா."

"ஓ, விக்கா! நல்ல பொண்ணு. சத்தமே போடாது."

"ஆமா, போடாது." யெப்பெ கையைக் காற்சட்டையில் துடைத்தான். "சண்டை போட வரல. ஒரு விஷயம் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு வந்தேன். போன வருஷம் அவ முறை ரெண்டு தடவை வந்துச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். முதல் தடவை நான் சுட்டது கரியாப் போச்சு. ரெண்டாவது தடவை நடுவுல வேகவே இல்ல. ரெண்டு வெள்ளிக்கிழமையும் அவ காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்துட்டா. பசங்க அதுக்குப் பேரு வெச்சாங்க, கேக் காய்ச்சலாம்."

எஸ்பென் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இந்தத் தடவை ஒரு வாரம் பழகினோம்," என்று யெப்பெ தொடர்ந்தான். "கனவு கேக். மேல தேங்காயும் சர்க்கரையும் காய்ச்சி ஊத்துறது. மூணு தடவை சுட்டது சரியா வரல. நாலாவது ஒழுங்கா வந்துச்சு. பேருந்துல மடியிலேயே வெச்சுக்கிட்டுப் போனா. சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு. சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் நாங்களே தின்னோம். கேக் நல்லாத்தான் இருந்துச்சு, தொண்டையில இறங்கல."

"எனக்கு... பட்டியல்ல பேரைப் பார்த்தேன்," என்றான் எஸ்பென். "பேரை மட்டும்தான் பார்த்தேன்."

"கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்புறம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறேங்கிறா. எனக்கு லாரியை விட்டுட்டுக் கொண்டுபோய் விட முடியாது. ஆனா அழுதுக்கிட்டே போற பிள்ளையைப் பிடிச்சு நிறுத்தவும் மாட்டேன். லீவு வரைக்கும் பாக்குறேன்னு சொல்லியிருக்கேன்."

யெப்பெ ஏறி உட்கார்ந்தான். லாரி வெளியேற எஸ்பென் கை காட்டவில்லை. கம்பத்தில் பக்கக் கண்ணாடி லேசாக உரசிக்கொண்டு போனது.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனுக்குக் காது சுட்டது. மறுநாள் வகுப்பில் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். தான் புதியவன் என்பது, அன்று பாட்டில் பறந்தது, எவ்வளவு பொறுமையாக இருந்தான் என்பது எல்லாம் அதில் வந்தன. கடைசியில் ஒரு மன்னிப்பும் இருந்தது, அடுத்த வாரமே விக்கா கேக் கொண்டு வரலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை வட்டத்தில் நடுமேசை காலியாக இருந்தது. அன்றைய முறை வில்லாஸுடையது. "மறந்துட்டேன்," என்றான் அவன், மறந்தவன் முகம் மாதிரியே இல்லாமல். அந்த மாதத்துக் கூட்டத் தலைவி மாலூ. முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி உள்ள பெண். வெட்ட கேக் இல்லாததால் கேக் கரண்டியாலேயே மேசையைத் தட்டினாள். பலகையில் அன்றைய விஷயங்கள் எழுதியிருந்தன. முதல் வரியில் ஒரே ஒரு சொல் இருந்தது: எஸ்பென்.

"சரி, நானே ஆரம்பிக்கிறேன்," என்றான் எஸ்பென்.

மாலூ கரண்டியால் தட்டினாள். "விரலைத் தூக்கு."

வகுப்பு நேரத்தின் சட்டம் அது. பேச வேண்டியவர் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும், தலைவர் பெயரைக் குறித்துக்கொண்டு வரிசைப்படி கூப்பிடுவார். அந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டியவனே எஸ்பென்தான். விரலைத் தூக்கினான்.

மாலூ காகிதத்தைப் பார்த்தாள். "உனக்கு முன்னால ஒன்பது பேர் இருக்காங்க."

அந்த ஒன்பது பேரும் பேசி முடிக்கும்வரை அவன் விரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். வண்டித்தளத்தில் நாள் முழுக்கக் கையைத் தூக்கி நின்றவனுக்கு ஒற்றை விரல் அப்படி வலித்தது. நடுவில் இரண்டு தடவை வாய் திறந்தான். இரண்டு தடவையும் கரண்டி தட்டியது. அப்புறம் வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தான்.

"நீ சத்தம் போடுறவங்க பேரை மட்டும்தான் சொல்றே," என்றாள் ஒருத்தி. "எனக்கு என் பேரு உனக்குத் தெரியுமான்னே தெரியல."

"கேள்வி கேட்டா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறதுக்குள்ள நீயே பதிலைச் சொல்லிடுறே," என்றான் வில்லாஸ். "நான் எண்ணிப் பார்த்தேன். அப்புறம் நாங்க எதுக்கு யோசிக்கணும்? அதான் மேசைக்கு அடியில போறேன். அங்கயாச்சும் யோசிக்கலாம்."

"பாட்டில் எறிஞ்சது நான்," என்றான் இன்னொருவன். "அதுக்கு ஏன் விக்கா கேக்கு?"

கேட்கக் கேட்க எஸ்பெனின் ஒத்திகை ஒவ்வொரு வரியாக உதிர்ந்தது. தான் பொறுமையாக இருந்தோம் என்ற பகுதி வில்லாஸ் பேசியபோதே போய்விட்டது. கடைசியில் மாலூ அவன் பெயரைக் கூப்பிட்டபோது சொல்வதற்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

"விக்கா, அது உன்னோட கேக். அதை நிறுத்துறதுக்கு எனக்கு உரிமை இல்ல. தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

விக்கா தன் கம்பளிக் காலுறையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. எஸ்பெனுக்குத் தாங்கவில்லை.

"அடுத்த வாரமே நீ வேணும்னா..."

கரண்டி தட்டியது. "அவ விரலைத் தூக்கல, எஸ்பென்," என்றாள் மாலூ.

எஸ்பென் வாயை மூடிக்கொண்டான்.

கூட்டம் இரண்டு முடிவு எடுத்தது. பட்டியல் பிள்ளைகளுடையது, ஆசிரியர் அதில் பேனா வைக்கக் கூடாது. லீவுக்கு முந்தின கடைசி வெள்ளிக்கிழமையின் வரியைக் காலியாக விட வேண்டும், விக்காவுக்குத் தோன்றினால் அவளே எழுதிக்கொள்ளலாம். எஸ்பெனும் கை தூக்கி ஓட்டுப் போட்டான்.

அதற்குப் பிறகு நான்கு வாரம். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அவன் கண் அந்தக் காலி வரிக்குத்தான் போகும். ஒருநாள் யெப்பெயைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று கைபேசியை எடுத்தான். மெரேட்டெ அதைப் பிடுங்கி ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"ஒரு பத்து வயசுப் பொண்ணை விரட்டாதே."

"விரட்டல. விசாரிக்கிறேன்."

"நீ விசாரிச்சாலே ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி இருக்கும். உக்காரு."

வகுப்பில் அவன் கைகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேள்வி கேட்கப் பழகினான். கேட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடிகளை எண்ணுவான். மொத்தம் பன்னிரண்டு. முதல் நாள் ஐந்தாவது கண்ணாடியிலேயே பதிலைச் சொல்லித் தொலைத்தான். மறுநாள் ஏழாவது வரை போனான், ஒரு விரல் எழுந்தது. அந்த அமைதியில் முன்பு அவனுக்கு வண்டிகள் தேங்குகிற பயம் வரும். இப்போது பார்த்தால் பிள்ளைகள் அந்த நேரத்தில் சும்மா இல்லை. ஒருத்தி பென்சிலைக் கடிக்கிறாள், ஒருவன் விரல் மடக்குகிறான். மூன்று மாதம் அவர்களோடு இருந்தும் அவர்கள் யோசிக்கிற முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அது அவனுக்குக் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

சத்தம் நின்றுவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தின மௌனம் உடைந்து, மேசைக்கு அடியில் போவதும் ஜன்னல் வேடிக்கையும் திரும்பி வந்தன. இரண்டு தடவை அவன் கத்தினான். ஒரு தடவை கை தானாக விரிந்தது. "வண்டி எதுவும் வரலையே, எஸ்பென்," என்றான் வில்லாஸ். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் பாடம் தானாகத் தொடர்ந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம், பின்னம். முக்காலில் பாதி எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிகளை எண்ணினான். ஒன்பதாவதில் மூன்றாம் வரிசையில் ஒரு விரல் எழுந்தது. விக்கா. ஆகஸ்டிலிருந்து அந்த விரலை அவன் பார்த்ததில்லை.

"கால்," என்றாள்.

தவறு. பழைய எஸ்பென் என்றால் அதற்குள் சரியான விடை பலகையில் ஏறியிருக்கும். இப்போது அவன் பையில் இருந்த கைகளை இறுக்கிக்கொண்டு, "உம்," என்றான். பத்தாவது கண்ணாடி. பதினொன்று. பன்னிரண்டும் முடிந்து, முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

"இல்ல, இரு," என்றாள் விக்கா. "எட்டுல மூணு."

"ஆமா," என்றான் எஸ்பென். பையிலிருந்து கையை எடுத்து அதைப் பலகையில் எழுதினான்.

ஆனால் காலி வரி காலியாகவே இருந்தது. கடைசி வியாழக்கிழமை மாலை பள்ளியைப் பூட்டும்போதும் அதில் ஒன்றும் இல்லை. எஸ்பென் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பக்கத்தில் பென்சில் ஒன்று நூலில் தொங்கியது. தொடவில்லை. அவள் போகிறாள் என்று மனசைத் தேற்றப் பார்த்தான், தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விக்கா வந்தாள். கையில் நீல டப்பா. அதை மேசையில் வைத்தாள், கதவுப் பக்கம் திரும்பிப் போனாள், நூலில் தொங்கிய பென்சிலால் காலி வரியில் தன் பெயரை எழுதினாள். எஸ்பென் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் தேதியை இரண்டு தடவை எழுதினான்.

கடைசிப் பாடவேளையில் டப்பா திறந்தது. கேக்கின் ஒரு பக்கம் அமுங்கிப்போயிருந்தது. மேலே ஊற்றிய தேங்காயும் சர்க்கரையும் முழுக்க அந்தப் பக்கமாகச் சரிந்து ஒரு குளமாகியிருந்தன.

"காய்ச்சல் இறங்கிடுச்சா?" என்றான் வில்லாஸ்.

"உனக்குக் காய்ஞ்ச பக்கம்தான்," என்றாள் விக்கா. சொன்னபடியே வெட்டிக் கொடுத்தாள். அவன் கேட்டு வாங்கியது போல அதைத் தின்றான்.

எல்லோரும் தின்றுகொண்டிருக்கும்போது மாலூ ஜனவரியில் தொடங்கும் புதிய பட்டியலைச் சுற்றுக்கு விட்டாள். ஒவ்வொருவராகப் பெயர் எழுதினார்கள். காகிதம் விக்காவிடம் வந்தது. எஸ்பென் ஜன்னலைப் பார்த்தான், கண்ணாடிகளை எண்ணினான், எத்தனை எண்ணினோம் என்பதை மறந்தான். விக்கா விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிவிட்டு, மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து எழுதினாள். காகிதத்தைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்தாள். எஸ்பெனுக்குக் கண் கரித்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை.

டப்பாவில் ஒரு துண்டுதான் மிச்சம், குளத்துப் பக்கத்துத் துண்டு. எஸ்பென் வட்டத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினான். விக்கா அவன் விரலைப் பார்த்தாள். துண்டை நடுவில் வெட்டினாள். ஒரு பாதியை டப்பாவிலேயே விட்டு மூடினாள்.

"இது அப்பாவுக்கு," என்றாள். மறுபாதியைத் தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு அதைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இன்னும் தொடாமல் இருந்த தன் துண்டை எடுத்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தாள்.

"இரு, எஸ்பென்," என்றாள் வாயில் கேக்கோடு. "முதல்ல நான் சாப்பிட்டு முடிச்சுக்கிறேன்."

எஸ்பென் விரலை இறக்காமல் காத்திருந்தான்.